கடையை விற்றுப்போடாதே

திருகோணமலை
ஆகஸ்ட், ஒரு ஞாயிறு மத்தியானம்

அன்பின் மச்சான்,

நாலு மாதமாக உன் குரல்செய்திகளைக் கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தவன் இப்போது கடிதமே எழுதுகிறான் என்றால், காரணம் நீ வெள்ளிக்கிழமை அனுப்பின அந்தப் படம்தான். உங்கட அப்பாவின் கடை நிற்கிற இடத்தில் நீலக் கண்ணாடிப் பெட்டி ஒன்று, நாலு மாடி, முன்னுக்கு ஒரு பேரீச்சை மரம். அந்த மரத்தை யார் கீறினது? குடைக்கார மாஸ்டரிடம் காட்டினேன். "இதுக்குக் கீழே ஒட்டகம் எங்கே?" என்று கேட்டார். மற்றபடி எல்லாரும் சுகம். அக்காவின் முழங்கால் அப்படியேதான்.

விற்கிறதா, இடித்துக் கட்டுகிறதா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம், இருக்கிற கடையைத் திருத்தி மேல்மாடியை வாடகைக்கு விடு என்பதுதான் என் எண்ணம். நீ சண்டைக்கு வருவாய் என்று தெரியும், ஆனபடியால் கணக்கோடு எழுதுகிறேன்.

முதலில் விற்பனை. நீ கனடாக் கடவுச்சீட்டு எடுத்தவன், இரட்டைக் குடியுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்கு இங்கே காணி மாற்ற ஏலாது. பெற்றோர் வழி முதுசமாக வருவதற்கு விலக்கு உண்டு, அதனால் இப்போது உன் பங்கு உன்னிடம் நிற்கிறது. இதை விற்றுவிட்டுப் பத்து வருடம் கழித்து ஆசை வந்து கடைத்தெருவில் ஒரு சாண் நிலம் வாங்கப் பார்த்தால், இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் உன் பெயரில் உறுதி (காணிப் பத்திரம்) எழுத ஏலாது. இன்னொன்று, உறுதி இன்னும் அப்பா பெயரில். ஐந்து சகோதரர்களுக்கும் பிரிக்கப்படாத பங்கு. புரோக்கர் தரும் அட்வான்சை ஒருவர் வாங்கினால் மற்ற நாலு பேரும் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியாதா? ஒரு கிடுகு வேலிக்கே மூன்று வருடம் வழக்காடின குடும்பம்.

இனி இடிக்கிற கதை. உங்கட கடை 14 அடி அகலம், 60 அடி நீளம். முன்சுவர் வீதிக் கானின் (வடிகாலின்) ஓரத்திலேயே நிற்கிறது. பழைய கட்டடம் என்பதால் அது நிற்கலாம். இடித்த அன்றே அந்த உரிமை போய்விடும். புதிதாகக் கட்டுகிறவன் வீதி எல்லைக்கு உள்ளே தள்ளித்தான் கட்ட வேண்டும், பின்னுக்கும் வெளி விட வேண்டும். உதாரணத்துக்கு எட்டு அடி தள்ளச் சொன்னால் ஒரு மாடிக்கு 112 சதுர அடி போச்சு, நாலு மாடிக்கு 448. வாகனம் நிறுத்த இடம் காட்டச் சொல்வார்கள். 14 அடியில் எங்கே காட்டுவாய்? நம்முடைய ஊர் இரண்டு பக்கமும் கடல். அலைவரையிலிருந்து 300 மீற்றருக்குள் விழுந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். ஆகவே கீறுகிறவனுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால், உள்ளூராட்சிச் சபையில் விண்ணப்பித்து, வீதி எல்லை உன் காணியில் எங்கே விழுகிறது என்று காட்டுகிற வீதி எல்லைச் சான்றிதழ் ஒன்றை எடு. அந்த ஒரு தாள் கையில் இல்லாமல் கீறின படம் எல்லாம் பேரீச்சை மரம்தான்.

"ஊர் வளரப்போகுதாம், பெரிய திட்டங்கள் வருகுதாம்" என்று சொல்லியிருந்தாய். வரட்டும். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் சீனன்குடாவில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99. அவற்றைப் பற்றி இந்தியாவோடு 1987இல் கடிதம் எழுதினார்கள், 2003இல் குத்தகை பேசினார்கள், 2022 ஜனவரியில் 61 தாங்கிகளுக்குக் கூட்டுக் கம்பனி போட்டார்கள். சம்பூரில் அனல்மின் நிலையம் என்றார்கள், 2016இல் கைவிட்டார்கள், இப்போது அங்கே சூரிய மின்சாரம் என்கிறார்கள். நான் இவற்றுக்கு எதிரி இல்லை. ஆனால் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் எவ்வளவு காசு இறங்கினாலும், இங்கே கடைத்தெரு ஏழரைக்கு இருட்டாகிறது. பின்னேரம் எட்டு மணிக்கு மத்திய வீதியால் நட. கதவடைத்த கடைகள், இரண்டு நாய், ஒரு கொத்துக்கடை. அண்ணாந்து பார். மேல்மாடி ஒன்றிலும் விளக்கு இல்லை. அட்டைப் பெட்டியும் புறாவும்தான் குடியிருக்கின்றன.

என்னைக் கேட்டால் கடைத்தெருவின் நோய் அதுதான். பூட்டின கடைக்கு மேலே ஆள் இருந்தால் இரவில் பால் வாங்குவான், இடியப்பம் வாங்குவான், மருந்துக்கடை ஒன்பது மணிவரை திறந்திருக்கும், கள்ளனும் யோசிப்பான். குடியிருக்க ஆள் இல்லையா? மாகாணசபை அலுவலகங்கள் இங்கே, ஆஸ்பத்திரி இங்கே, வளாகம் கோணேசபுரியில், வங்கிகளுக்கு இடமாற்றத்தில் வருகிறவர்கள் வருடம் முழுக்க அறை தேடி அலைகிறார்கள். உப்புவெளி, நிலாவெளிக்காரர் மேயிலிருந்து செப்டம்பர்வரை உல்லாசப் பயணியை நம்பியிருக்கிறார்கள். கடைத்தெருவுக்கு அந்தப் பருவத் தொல்லை இல்லை. ஆள் உண்டு, மாடியும் உண்டு. குறுக்கே நிற்பது இரண்டே இரண்டு: படியும் கக்கூசும்.

உங்கட மாடிப்படி எங்கே இருக்கிறது? காசாளர் மேசைக்குப் பின்னால். கடை பூட்டினால் மாடியும் பூட்டு. அப்படி ஒரு வீட்டை யார் வாடகைக்கு எடுப்பான்? பின் ஒழுங்கையால் படி வைக்கலாம் என்று தம்பி சொன்னானாம். மலிவுதான். ஆனால் இரவுக் கடமை முடிந்து வருகிற நேர்ஸ்பிள்ளை அந்த ஒழுங்கையால் வரமாட்டாள். முன்னாலேயே வை. இடப்பக்கச் சுவரோரம் மூன்றரை அடி ஒதுக்கு. தளத்துக்குத் தளம் 12 அடி உயரம், 21 படி போட்டால் ஒவ்வொன்றும் ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைய வரும். மிதி பத்து அங்குலம். 20 மிதிக்கு 16 அடி 8 அங்குலம் நீளம். வாசலிலிருந்து நாலு அடி உள்ளே தொடங்கினால், ஒரு பதினாலு அடிவரைதான் கடைக்கு நட்டம், அதற்குப் பிறகு படி தலைக்கு மேலே போய்விடும். நடைபாதைச் சுவரின் முன்பாதியைக் கண்ணாடி அலுமாரியாக்கிக் கடைக்காரனுக்கே கொடு. சேலையைத் தெருவுக்கும் காட்டலாம், மாடிக்குப் போகிறவனுக்கும் காட்டலாம். படிக்குக் கீழே கல்லால் அடை. மின்மானி, காஸ் சிலிண்டர், பழைய பெட்டி ஒன்றும் அங்கே வைக்க விடாதே. தீப்பிடித்தால் மாடியில் இருப்பவனுக்கு அது ஒன்றுதான் வழி.

கீழ்க் கடைக்காரன் அப்பா காலத்து வாடகையாள். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அவனுக்கு எந்தளவுக்குப் பொருந்தும் என்று முதலில் சட்டத்தரணியிடம் கேள், பிறகு கதை. வாடகையில் கொஞ்சம் குறைத்து, அலுமாரியைக் காட்டிக் கேட்டால் இறங்கி வருவான். வெருட்டினால் பத்து வருடம் நீதிமன்றத்தில் நிற்பாய். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் நொத்தாரிஸ் முன்னால் எழுது. வெள்ளைத்தாளில் எழுதினது செல்லாது.

இனிக் கக்கூஸ். இதில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். மாடித்தளம் பாலைமர வளை (உத்தரம்), மேலே பலகை. அதன் மேல் குளியலறை கட்டாதே. எத்தனை பூச்சுப் பூசினாலும் ஒரு மாரியில் ஒழுகும், மூன்றாம் மாரியில் வளையின் தலை உக்கும். பழைய குசினி இருந்த பின்பக்கம் தனித் தூண் நிறுத்தி, சின்னக் கொங்கிரீட் தளம் போட்டு, ஈரவேலை எல்லாவற்றையும் அங்கே கொண்டு போ. மலக்குழாய் நாலு அங்குலம், நாற்பதுக்கு ஒன்று சரிவு, காற்றுக்குழாய் கூரைக்கு மேலே.

இங்கே பொதுக் கழிவுக்குழாய் இல்லை என்பதை நீ ஸ்காபரோவில் இருந்து மறந்திருப்பாய். ஆறு பேருக்கு மலத்தாங்கி கிட்டத்தட்ட இரண்டு கன மீற்றர் வேண்டும்: நீளம் 1.8, அகலம் 0.9, தண்ணீர் ஆழம் 1.2 மீற்றர், இரண்டு அறை, முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு. தாங்கியை ஒழுங்காகக் கட்டுகிறார்கள். பிழை வருவது ஊறுகுழியில், தாங்கியால் வழிகிற தண்ணீர் நிலத்துக்குள் இறங்குகிற குழியில். மணல் நிலம், கோடையில் உறிஞ்சும். மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வந்ததும் குழி தண்ணீரை வாங்காது, திருப்பித் தரும். கீழ்க்கடையின் கக்கூஸ் கொதிக்கிற பானை மாதிரி "கொளகொள" என்னும். ஊறுகுழியை ஆழமாக்காதே, அகலமாக்கு, தரையை உயர்த்திக் கொள். முற்றத்துக் கிணற்றிலிருந்து 15 மீற்றராவது தள்ளு. 60 அடிக் காணியில் அது முடியாவிட்டால் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறதை விட்டுவிட்டுக் குழாய்த் தண்ணீர் எடு. தாங்கியின் மூடியை, கழிவை உறிஞ்சி எடுக்க வருகிற கலி பவுசரின் குழாய் எட்டுகிற இடத்தில் வை. ஒரு வீட்டில் மூடிக்கு மேலேயே அடுப்பு கட்டியிருக்கிறார்கள், சாமி சத்தியமாக.

சுவர் பற்றி ஒரு சொல். அது செங்கல்லும் முருகைக்கல்லும், சுண்ணாம்புச் சாந்தில் கட்டினது. தம்பி 'ஒருக்காப் பூசிவிடலாம்' என்று சீமெந்து பூசப் பார்க்கிறான். விடாதே. சுவருக்குள் இருக்கிற ஈரமும் உப்பும் வெளியே வர வழியில்லாமல் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளும், உள்ளே கல் மாவாகும். பழைய சீமெந்தைக் கொத்தி எடுத்து, பங்குனியிலிருந்து ஆவணிவரை காய விடு. சுண்ணாம்பு ஒன்றுக்குக் கழுவின ஆற்றுமணல் மூன்று, ஒரு பூச்சு பத்து மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம், ஈரச்சாக்குப் போட்டுப் பல நாள் நனைத்து வை. இதைச் செய்கிற கிழட்டு மேசன் ஒருவர் பாலையூற்றில் இருக்கிறார். அவருக்கும் வயது போகிறது, அதனால்தான் அவசரப்படுகிறேன்.

வேலை எது முதல் என்று ஓடாவியிடம் கேட்காதே, அவன் கதவு என்பான். கூரையும் பீலியும் முதல். பிறகு வளையின் தலைகளைப் பார்: சுவருக்குள் போகிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்து. அரை அங்குலம் இறங்கினால் அந்தத் தலை போச்சு. முழு வளையையும் மாற்றத் தேவையில்லை, இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் வைத்து போல்ட் போடலாம். அதற்குப் பிறகு படி, பிறகு கக்கூஸ், கடைசியில்தான் நிறப்பூச்சு. ஐப்பசிக்கு முன்னால் கூரை மூடியிருக்க வேண்டும். இந்த வருடம் அது நடக்காது. தை முடியத் தொடங்கு.

வீதி வேலையால் வருகிற தலையிடி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலே இரண்டு அங்குலம் ஏற்றுகிறார்கள். உங்கட கடைக்கு முன்னால் மூன்று படி இருந்தது ஞாபகமா, நாம் குந்தியிருந்து ஐஸ்பழம் சூப்பின படி? இப்போது ஒன்றரை. இன்னும் இரண்டு தடவை போட்டால் மழைத்தண்ணீர் கடைக்குள்ளே கால் நனைக்கும். கானும் சும்மா இல்லை, மாரி அலை மணலைத் தள்ளி வாயை அடைக்கும்போது தண்ணீர் திரும்பி வரும். ஆகவே கீழ்த்தளத்தை ஓடு பதிக்கும்போது ஆறு அங்குலம் உயர்த்திவிடு, வாசலில் சரிவு வை.

செய்ய வேண்டியது இப்போதைக்கு மூன்று. ஐந்து பேரின் அட்டோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடுகிற அதிகாரப் பத்திரம்), அங்கே தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்புங்கள். உறுதியின் தெளிவான படம். பெரியண்ணாவிடம் இருக்கிற அந்தப் பழைய சேர்வேயர் பிளான். அவர் தரமாட்டார் என்றால், 1983 தீபாவளி வெடியைப் பற்றிச் சின்னாச்சிக்குச் சொல்லிப்போடுவேன் என்று நான் சொன்னதாகச் சொல். உடனே தருவார்.

புரோக்கர் திரும்ப எடுத்தால் கொழும்பில் கூட்டம் என்று சொல்.

அன்புடன்,
உன் பழைய பங்காளி

மறுபடி: பேரீச்சை மரம் வேண்டுமென்றால் பின்முற்றத்தில் ஒன்று நட்டுத் தருகிறேன். ஊறுகுழியிலிருந்து தள்ளி.