ஆலயக் கூரைக்கு வாக்குக் கொடுத்தவர்களுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பான சபை மக்களுக்குத் தோத்திரம்.

போன ஐப்பசி மழையில் நம் ஆலயத்தின் தென்பக்கக் கூரை ஒழுகியது எல்லோருக்கும் நினைவிருக்கும். பீடத்துக்கு முன்னால் சட்டி வைத்துத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுதான் திருவிருந்து ஆராதனை நடந்தது. இந்த ஐப்பசியில் ஒரு சொட்டுகூட உள்ளே விழவில்லை. பொருளாளர் என்ற முறையில் உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லவே இந்த மடல்.

கூரையைத் தாங்கும் கைமரங்களைக் கறையான் அரித்துவிட்டது, அவற்றை மாற்றாமல் ஓடுகளை மட்டும் மாற்றிப் பயனில்லை என்று ஆசாரி சொன்னபோது, கையிருப்பு கூலிக்கே போதாது. பெந்தெகொஸ்தே ஞாயிறு அன்று, மாதாமாதம் இவ்வளவு தருவோம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்த வாக்குறுதிச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் மரத்துக்கு முன்பணம் கொடுக்கும் துணிவு கமிட்டிக்கு வந்தது. எந்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்ததால், முதலில் கைமரம், அப்புறம் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம், கடைசியில் ஓடு என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஒரு ரூபாய் கடன் வாங்கவில்லை. பணம் வருவதற்கு முன்பே உங்கள் வாக்கு வேலை செய்தது.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதும் இதைத்தான். எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்குக் கொடுப்பதாக அவர்கள் ஒரு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். சொன்னதை ஆயத்தப்படுத்தி வைக்கும்படி, தாம் வருமுன் சகோதரரை அனுப்பினார். கடைசி நேரத்தில் கட்டாயமாக வாங்கியதுபோல ஆகிவிடக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு கவனம். 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களை வீட்டு ஜெபத்தில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

மாதம் நூறு ரூபாய் என்று எழுதி ஒரு மாதமும் தவறாமல் உறையைக் கொண்டுவந்த குடும்பங்களுக்கு நன்றி. கருப்பட்டி விற்ற கையோடு நேராகக் கணக்கு மேசைக்கு வந்த பனைத் தொழிலாளர்களுக்கு நன்றி. முதல் காய்ப்பு முருங்கைக்காயையும் அடைக்கோழியையும் படைத்தவர்களுக்கும், ஆராதனை முடிந்து அவற்றை விலை பாராமல் ஏலத்தில் எடுத்த வாலிபர்களுக்கும் நன்றி. மும்பையிலும் வளைகுடாவிலும் இருந்துகொண்டு ஊர்க் கோவிலை மறக்காத பிள்ளைகளுக்கும் நன்றி.

ஒரு சகோதரர் வேலை போனதும் என்னைத் தேடி வந்து, "அண்ணாச்சி, எழுதினதைக் கொடுக்க முடியல" என்று கண் கலங்கினார். அவருக்கும் அதே அளவு நன்றி. அவர் ஓடு சுமக்க வந்த நாட்களை நான் மறக்கவில்லை. முடியாமல் போனவர்கள் யாரும் ஆலயத்துக்கு வரக் கூச்சப்பட வேண்டாம். வாக்குறுதி கடன் பத்திரம் இல்லை. யார் எவ்வளவு என்று ஆலயத்தில் வாசிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் இந்த மடலிலும் பெயரோ தொகையோ இல்லை.

கைப்பிடி அரிசி எடுத்து வைத்த தாய்மார்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று கலயத்தில் போடும் பழக்கம் நம் திருநெல்வேலித் திருச்சபையின் பெரிய சொத்து. நம் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா போன்றவர்கள் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, இந்தியப் பணத்திலேயே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள். பணக்காரர்களை நம்பி அல்ல, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த எளிய சபைகளை நம்பித்தான் அந்த வேலை நடந்தது. நம் கூரைக்கான ஆணியிலும் தாய்மார்களின் அரிசி இருக்கிறது.

சரி, அடுத்த வேலைக்கு வருகிறேன். கூரைச் செலவினால், பல சபைகள் சேர்ந்த நம் சேகரத்துக்கு நாம் செலுத்த வேண்டிய தொகை பின்தங்கியிருக்கிறது. நம் சபையைக் கவனிக்கும் உபதேசியார் வீட்டுச் சுவரும் விரிந்து நிற்கிறது. வருகிற ஞாயிறு புதிய சீட்டுகள் தருகிறோம். இரவு குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசி, முடிந்ததை எழுதுங்கள். பத்து ரூபாயானாலும் எழுதுங்கள். கமிட்டிக்குத் திட்டம் போட அது உதவும். எழுத விருப்பமில்லாதவர்கள் வழக்கம்போலக் காணிக்கைப் பையில் போடலாம்.

அரிசிக் கலயங்களைச் சனிக்கிழமை மாலைக்குள் ஆலயத்தில் சேர்த்துவிடுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபைப் பொருளாளர்