அது குளவி இல்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களைக் 'குளவி' கொட்டிய செய்தி போட்டிருந்தீர்கள். கூடுகளையெல்லாம் தீ வைத்து அழிப்பதே தீர்வு என்று கடைசி வரியில் நிருபர் தீர்ப்பும் சொல்லிவிட்டார். சரி, ஆனால் கூடவே போட்ட படத்தில் மரக்கிளையில் முறம் மாதிரித் தொங்குவது மலைத்தேனீ அடை. சிங்களத்தில் அதற்குப் பம்பரா, குளவிக்குத் தெபரா என்று தனித்தனிப் பெயர். நமக்கு மட்டும் எது கொட்டினாலும் குளவி!

சின்ன வயதில் நானும் கொட்டு வாங்கியவள்தான். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார வைத்து அம்மா என் கன்னத்திலிருந்து கொடுக்குகளை நகத்தால் சுரண்டி எடுத்தது இன்னும் ஞாபகம். கொடுக்கைத் தோலில் விட்டுவிட்டுப் போவது தேனீ, குளவி அப்படி விடாது. உங்களுக்குத் தெரியாததா இது?

எரிக்கச் சொல்வது சுலபம். இந்த வருடம் என் பூசணிக்கொடியில் பெண்பூ எல்லாம் பிஞ்சிலேயே பழுத்து விழ, ஆண்பூவைப் பறித்துக்கொண்டு காலையில் நானே தேனீ வேலை பார்க்கிறேன். கத்தரிக்கு அந்த வித்தையும் பலிக்காது, வயிற்றில் நீலக்கோடு போட்ட ஒரு தேனீ வந்து பூவைக் கட்டிப்பிடித்து 'ஊம்ம்' என்று அதிர்ந்தால்தான் மகரந்தம் நன்றாகக் கொட்டும். அது முன்பு லயத்து ஓரப் போவிட்டியாப் பூவில்தான் சுற்றும். இப்போது அந்த ஓரத்தில் புல்கூட இல்லை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கு மறுபடி விட்டார்கள், அப்புறம் என்ன, மருந்து டாங்கி லயத்து வாசல் வரைக்கும் வருகிறது. அதைப் பற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்களும் உங்கள் மேசையில் எங்கேயோ பத்திரமாக இருக்கும். ஹோர்ட்டன் சமவெளியில் நெலு என்கிற குறிஞ்சி பூத்தால் முழுப்பக்கப் படம், எங்களுக்கு வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தால்தான் படம்.

கொட்டு வாங்கியவர்களை விடத் தேனீ பெரிது என்று நான் சொல்லவில்லை. அடை எந்த மரத்தில் இருக்கிறதென்று பார்த்து, அந்த மலைக்கு ஆள் அனுப்பாமல் இருந்திருக்கலாமே? அதை யாரும் கேட்கவில்லை, நிருபரும் கேட்கவில்லை.

அடுத்த தடவை தேனீ கொட்டினால் தேனீ என்றே போடுங்கள். சிறுவர் பக்கத்தில் இடமிருந்தால் இரண்டு கூட்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மஸ்கெலியா