சிவப்பு முழங்கால் டரான்டுலா வளர்க்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நம் கடை முன்பு "ஸ்மிதி" என்ற இனப் பெயரில் விற்ற சிவப்பு முழங்கால் டரான்டுலா என்ற பெரிய சிலந்தியையே இப்போது "ஹமோரி" என்ற வேறு இனப் பெயர் எழுதி விற்கிறது, பழைய ஆட்களை ஏமாற்றிவிட்டது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. "என்ன அண்ணா இது?" என்று என்னிடமே நேரில் கேட்டவர்களுக்கு நன்றி.

முன்பெல்லாம் மெக்சிகோவின் இந்தச் சிலந்தியை எந்த நாட்டுக் கடையில் வாங்கினாலும் பிராக்கிபெல்மா ஸ்மிதி என்றுதான் எழுதித் தருவார்கள். 2017இல் மெண்டோசா, ஃபிராங்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிராக்கிபெல்மா என்ற அந்தப் பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியை, மறுபடி அலசி, ஸ்மிதி எது, ஹமோரி எது என்று தெளிவாக்கினார்கள். மெக்சிகோ மாநிலங்களில் ஸ்மிதி குவெரேரோ பக்கத்தது, ஹமோரி கொலிமா, ஹலிஸ்கோ, மிச்சோகான் பக்கத்தது, அதுவரை வீடுகளில் வளர்ந்தவற்றில் பெரும்பாலானவை ஹமோரிதான் என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது, அதனால்தான் நாங்களும் பெயரை மாற்றி எழுதுகிறோம். பெண் சிலந்தி 20 வருடங்களுக்கு மேல் வாழும் என்பதால் பழைய பெயர் எழுதிய பெட்டி இன்னும் பல வீடுகளில் இருக்கும். வளர்ந்த சிலந்தியின் முகத்தை நேராகப் பாருங்கள், விஷப்பல் தாங்கும் தாடையில் இரண்டு பழுப்புப் பட்டைகள் இருந்தால் ஹமோரி, இல்லையென்றால் ஸ்மிதியாக இருக்கலாம். குட்டியில் இது தெரியாது. இரண்டுக்கும் நாங்கள் ஒரே விலைதான் வாங்கினோம், இதில் எங்களுக்கு என்ன லாபம்? விலை அதிகம் என்று திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன், ஏமாற்றுக்காரன் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பராமரிப்பும் இரண்டுக்கும் ஒன்றுதான். காய்ந்த மண் ஆழமாக, ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒளிய ஓர் இடம். மல்லாந்து கிடந்தால் தோல் உரிக்கிறது என்று அர்த்தம், தயவுசெய்து திருப்பிப் போடாதீர்கள், இரையாகப் போட்ட கிரிக்கெட் பூச்சி உள்ளே இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், சிலந்தியின் உடம்பு மென்மையாக இருக்கும்போது அந்தப் பூச்சி அதைக் கடித்துவிடும். பல் மறுபடி கறுத்து இறுகும்வரை இரையும் வேண்டாம். சாகும் சிலந்தி மல்லாந்து கிடக்காது, நிமிர்ந்தபடியே கால்களை அடியில் சுருட்டிக்கொள்ளும்.

அப்புறம், உரித்த தோலை மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொன்ன நம் தம்பி மேல்படிப்புக்குப் போய்விட்டார். இனி நானே பார்ப்பேன், சனிக்கிழமை மட்டும், சிறு கட்டணம் உண்டு. லண்டனில் கரண்ட் பில் எல்லோரும் அறிந்ததுதான், அடுத்த மாதத்திலிருந்து பூச்சி டப்பாவும் குட்டிகளும் கொஞ்சம் விலை கூடும்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் கடைக்கு வந்துகொண்டே இருக்கும் உங்களை மறக்க மாட்டேன். உங்களுடையது ஸ்மிதியா ஹமோரியா என்று சந்தேகமாக இருந்தால் முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அதற்குக் காசு கிடையாது.