பாடுகிறவர் மேடையில் இருக்கட்டும்: ஒரு நடனத் துறைக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடனத் துறைத் தலைவர் அம்மையார் அவர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம். நான் அம்பாசமுத்திரத்தில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். என்னிடம் தட்டடவு பழகிய பெண்கள் சிலர் இப்போது உங்கள் துறையில் பட்டப் படிப்பு படிக்கிறார்கள். பங்குனி மாதம் நீங்கள் நடத்தும் இளவேனில் நடன விழாவுக்கு ஆண்டு தவறாமல் வருகிறவள் நான். இந்த ஆண்டும் பாளையங்கோட்டை அரங்கில் முதல் வணக்கத்திலிருந்து மங்களம் வரை உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த விழாவில் ஒலிப்பதிவுக்கு விடை கொடுத்துவிட்டு, பாடுகிறவரையும் மிருதங்கக்காரரையும், சொற்கட்டுச் சொல்லித் தாளம் தட்டி நட்டுவாங்கம் செய்பவரையும் மேடையில் உட்காரவைத்து நடத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல். முழு நிகழ்ச்சிக்கும் முடியாதென்றால், நிகழ்ச்சியின் மைய உருப்படியான வர்ணத்துக்காவது அப்படிச் செய்யுங்கள்.

பல்கலைக்கழகத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன். உங்களை மட்டும் தனியே நிறுத்திக் குறை சொல்வது என் நோக்கமன்று. நான் போய்ப் பார்த்த மற்றக் கல்லூரி விழாக்களிலும் இதே நிலைதான். இதைப் படிக்கும் எந்த நடனத் துறையும் தனக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் பிள்ளைகளின் உழைப்பில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. தொடக்க உருப்படியான அலாரிப்பில் பன்னிரண்டு பேர் ஒரே அளவாகப் பாதி அமர்ந்த அரைமண்டியில் நின்றதைப் பார்த்து எனக்குப் பின்னால் இருந்த ஒரு தகப்பனார் தன்னையறியாமல் "ஆகா" என்றார். முழங்கால் வெளியே திரும்பி, முதுகு நிமிர்ந்து, ஒருவர்கூட உயர்ந்து எழாமல் ஆடினார்கள். அதை ஓர் ஆண்டில் கொண்டுவர முடியாது. எத்தனை விடியற்காலைகள் அதற்குப் பின்னால் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வர்ணத்தில்தான் என் மனம் கனத்தது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஆடினாள். தலைவனுக்காகப் பூத் தொடுக்கிறாள் நாயகி. கூடையில் கைவிட்டு மொட்டுகளை அள்ளி, ஒன்றை முகர்ந்து, நாரைப் பல்லில் கடித்து நீட்டி, ஒவ்வொரு பூவாக வைத்துக் கட்டுகிறாள். பாதியில் நார் அறுந்துபோகிறது. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணுக்கே அந்த நொடியில் தோன்றியதாக இருக்க வேண்டும். ஏனென்றால் அறுந்த நாரைப் பார்த்து அவள் முகம் வாடியது அத்தனை உண்மையாக இருந்தது. சபையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவள் குனிந்து சிதறிய பூக்களைப் பொறுக்கத் தொடங்கினாள். அதற்குள் ஒலிப்பதிவில் பாட்டின் அந்த அடி நான்காவது தடவை முடிந்துவிட்டது. ஒலிபெருக்கியில் தீர்மானத்தின், அதாவது காலால் தட்டி ஆடும் பகுதியின், சொற்கட்டு வந்து விழுந்தது. பொறுக்கிய பூவை அப்படியே விட்டுவிட்டு அவள் ஓடிப்போய் இடத்தில் நின்று தட்ட வேண்டியதாயிற்று. கால் தப்பவில்லை, தாளமும் தப்பவில்லை. தேர்வாளர் யாரும் மதிப்பெண் குறைத்திருக்க மாட்டார். ஆனால் அந்த விழாவிலேயே உயிரோடு பிறந்த ஒரே அபிநயம் பாதியில் அறுந்தது.

ஒரு பாடகர் அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோரும் மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். நட்டுவனாரின் கண் ஆடுபவரின் காலில் இருக்கும், பாடகரின் கண் கையில் இருக்கும். கை ஒரு கதையைத் தொடங்கிவிட்டால் அது முடியும்வரை அவர் அந்த அடியை விடமாட்டார். ஐந்தாவது தடவை பாடுவார், வேண்டுமானால் எட்டாவது தடவையும் பாடுவார். நார் அறுந்த இடத்தில் குரலைத் தழைத்து, அதே அடியைச் சற்று மாற்றிப் பாடி ஒரு சங்கதி வைப்பார். மிருதங்கக்காரர் விரல் நுனியால் மட்டும் தொடுவார். பூவெல்லாம் பொறுக்கி அவள் நிமிர்ந்த பிறகு நட்டுவனார் தட்டுக்கழியை எடுப்பார். ஒரே அடிக்குக் கதையை விரித்து ஆடும் சஞ்சாரி என்ற ஒன்றை நம் முன்னோர் வர்ணத்துக்குள் வைத்ததே ஆடுபவர் இப்படி அலைந்து திரிந்து வருவதற்குத்தான். எத்தனை தடவை பாட்டு வரும் என்று முன்கூட்டியே எண்ணி வைத்துவிட்டால், ஆடும் பெண் மனத்தில் நாயகியா இருப்பாள்? ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்ணிக்கைதான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒலிப்பதிவின் தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்துக்கு முதலாண்டுப் பிள்ளைகள் ஆடினார்கள். கழுகுமலை முருகனைப் பாடிய பாட்டு, நம் பக்கத்துப் பாட்டு. முன் வரிசைப் பெரியவர்கள் உடனே தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் பிள்ளைகளின் காலுக்கு வேகம் அதிகமாக இருந்ததாலோ என்னவோ, பதிவைக் கணினியில் இழுத்து மெதுவாக்கியிருந்தார்கள். குரலில் கமகமெல்லாம் தொய்ந்து, ஜாலரா ஒலி தேய்ந்து கேட்டது. அந்தச் சிந்தின் துள்ளல் எங்கே போயிற்று? பிள்ளைகளால் அந்த வேகத்தில் ஆட முடியாவிட்டால், காலப்பிரமாணத்தைக் குறைத்துப் பாடச் சொன்னால் ஒரு பாடகர் சிரமமில்லாமல் பாடித் தருவார். துள்ளலும் கெடாது.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. உங்கள் பாடத்திட்டத்தில் நட்டுவாங்கம் ஒரு தாளாக இருக்கிறது. தேர்வு அறையில் தட்டுமனைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு ஜதியைச் சொல்லித் தட்டிக் காட்டிவிட்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். பட்டம் வாங்கிய பின் அவர்களில் பெரும்பாலோர் என்ன செய்யப் போகிறார்கள்? என்னைப் போலத் தென்காசியிலோ, சங்கரன்கோவிலிலோ, வள்ளியூரிலோ ஒரு மாடி அறையில் வகுப்புத் தொடங்குவார்கள். சில ஆண்டுகளில் அவர்களுடைய மாணவிக்கு அரங்கேற்றம் வரும். அன்றைக்கு மேடையில் உட்கார்ந்து தாளத்தைக் கையில் எடுக்க வேண்டியவர் அவர்தான். ஆடும் குழந்தை பதறினால் கண்ணால் நிறுத்தி, பாடகருக்குத் தலையசைத்து, மிருதங்கத்துக்கு இடம் விட்டு, எல்லோரையும் பாட்டு மீண்டும் தொடங்கும் ஓர் எடுப்புக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கூட்டம் நிறைந்த மேடையில் ஒருமுறைகூட அதைச் செய்யாமல் அனுப்புகிறோம். அதனால் அவர்கள் வெளியூரிலிருந்து நட்டுவனாரை வரவழைக்கிறார்கள், அல்லது அரங்கேற்றத்தையே பென்டிரைவில் முடித்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டும் நடக்கிறது.

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் நடந்த ஓர் அரங்கேற்றத்தில் தில்லானாவின்போது சின்னப் பெண் ஒருத்தியின் வலது கால் சலங்கை வார் அவிழ்ந்துவிட்டது. அவள் முகம் வெளுத்தது. நட்டுவாங்கம் செய்த பெரியவர் கையை லேசாக உயர்த்தினார், அவ்வளவுதான். பாடுகிறவர் பல்லவியைத் திரும்ப எடுத்தார். மிருதங்கக்காரர் புன்னகையோடு ஒரு சிறு ஆவர்த்தனக் கணக்கு வாசிக்கத் தொடங்கினார். பெண் ஓரமாகப் போய் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு கோர்வையின் முடிவுக்குச் சரியாக வந்து சேர்ந்தாள். அவளுடைய ஆச்சி முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். இடையில் வந்த மிருதங்க வாசிப்பு நன்றாக இருந்தது என்று பின்னர் என்னிடம் சொன்னார். ஏதோ தப்பு நடந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை.

நம் மண்ணின் ஆட்டங்கள் எல்லாமே இப்படித்தான் நடக்கின்றன. கணியான் கூத்தில் தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, உச்சமும் மந்தமுமாக மகுடம் என்ற தோல்கருவி அடிக்கும் இருவர் ஆடுகிறவரின் முகத்துக்கு எதிரே நின்று அடிப்பார்கள். ஆட்டம் ஏறினால் அடியும் ஏறும். வில்லுப்பாட்டில் வீசுகோலும் உடுக்கையும் குடமும் கதை சொல்பவரின் மூச்சைப் பின்தொடரும். சாமியாடுபவருக்கு அருள் வரும் வரை மேளம் காத்திருப்பதைக் கோயில் கொடையில் பார்க்காத திருநெல்வேலிக் குழந்தை உண்டா? பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிரிலும் பக்கவாத்தியக்காரர்கள் ஆடுபவருக்குப் பின்னால் நின்று, மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவரோடு முன்னும் பின்னும் நகர்ந்தே வாசித்தார்கள். அவர்களைப் பக்கவாட்டில் உட்காரவைத்தது பின்னால் வந்த ஏற்பாடு. உட்காரவைத்தவர்களை இப்போது நாம் மேடையிலிருந்தே இறக்கிவிட்டோம்.

உங்கள் வரவேற்புரையில் இ. கிருஷ்ண ஐயரின் பெயரைச் சொன்னீர்கள். ஆற்றுக்கு அக்கரையில், கல்லிடைக்குறிச்சியில் 1897-இல் பிறந்தவர் என்பதால் எங்களுக்கு அதில் தனி மகிழ்ச்சி. வழக்கறிஞராக இருந்துகொண்டு, பெண் வேடமிட்டுத் தாமே ஆடிக் காட்டி, இந்தக் கலையைக் கேவலமாகப் பேசியவர்களுக்குப் பதில் சொன்னவர் அவர். 1931-இல் சென்னை மியூசிக் அகாதெமியில் சதிர்க் கலைஞர் கல்யாணியின் மகள்கள் ஆடியது அவருடைய முயற்சியால்தான். சதிர் மேடை ஏறியபோது நட்டுவனாரும் பாடுகிறவரும் மத்தளக்காரரும் சேர்ந்த மேளக் குழு முழுவதும்தான் ஏறியது. அவருடைய படத்துக்கு மாலை போட்ட மேடையிலாவது அந்தக் கூட்டம் முழுமையாக இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசையாக எனக்குத் தோன்றவில்லை.

செலவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. துறையில் பலர் கௌரவ விரிவுரையாளர்கள் என்பதையும், விழா வேலை முழுவதும் அவர்கள் தலையில்தான் விழுகிறது என்பதையும் அறிவேன். ஆனால் வேண்டியவர்கள் நான்கே பேர்: நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல். இதில் நட்டுவாங்கத்தை இறுதியாண்டு மாணவிகளே ஆளுக்கோர் உருப்படியாகச் செய்யலாம். நன்றாகப் பாடும் ஆசிரியர் உங்களிடமே இருக்கிறார், வரவேற்புப் பாட்டில் கேட்டேன். பாக்கி இருவருக்குத்தான் சம்பளம். திருநெல்வேலியில் இருக்கும் அரசு இசைப் பள்ளியில் படித்து வெளியே வந்த மிருதங்கக்காரர்கள் கச்சேரி கிடைக்காமல் வேறு வேலைக்குப் போகிறார்கள். நாகஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலத்தைத் தந்த வட்டாரத்தில் வாத்தியக்காரருக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. மேடைக்குப் பின்னால் கோபுரமும் அருவியும் மாறி மாறி ஓடிய பெரிய மின்திரையின் வாடகை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அதையும், விருந்தினர் வரிசைக்கு அணிவித்த பொன்னாடைகளையும் நினைவுப் பரிசுகளையும் ஓர் ஆண்டு நிறுத்திப் பாருங்கள். திரையில் அருவி ஓடும்போது ஆடும் பெண்ணின் கண்ணை யாரும் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நேரடி இசை என்றால் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று உங்கள் ஆசிரியை ஒருவர் என்னிடம் சொன்னார். பழக்கம் இல்லாததால் வரும் பயம் அது. வாத்தியக்காரர்களோடு இரண்டு ஒத்திகை பார்த்தால் போய்விடும். தினசரிப் பயிற்சிக்கு ஒலிப்பதிவு இருக்கட்டும். விடுதி அறையில் இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் தனியாக ஆடிப் பழக அதைவிட வசதி வேறில்லை. நானும் வகுப்பில் பயன்படுத்துகிறேன். விழா மேடைக்கு மட்டும் அது வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், வர்ணத்துக்கு அடுத்தபடியாகக் குற்றாலக் குறவஞ்சியைச் சொல்வேன். தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் பாடியது. அதற்காக அவருக்கு மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். ருக்மிணி தேவி 1944-இல் அதை நாட்டிய நாடகமாக அமைத்துக் கலாக்ஷேத்திரத்தில் அரங்கேற்றினார். நீங்களும் இந்த ஆண்டு அதில் குறவன் சிங்கனும் குறத்தி சிங்கியும் பேசும் பகுதியை எடுத்திருந்தீர்கள். சிங்கியின் உடம்பெல்லாம் புது நகை, அவற்றைப் பார்த்துச் சிங்கன் மிரண்டு மிரண்டு கேட்கிறான், அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறாள். சிங்கனாக ஆடிய பெண் அருமையாக மிரண்டாள். சபை வாய்விட்டுச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஒலிப்பதிவில் சிங்கியின் பதில் பாடி முடிந்திருந்தது. அடுத்த கேள்விக்கும் அப்படியே. பாதிப் பதில்கள் யார் காதிலும் விழவில்லை. இரண்டு பேர் நேருக்கு நேராகப் பேசிக்கொள்ளும் பாட்டில், சிரிப்புக்கு இடம் கொடுத்து எடுக்க ஓர் ஆள் இல்லாவிட்டால் எப்படி? அடுத்த ஆண்டு இந்தப் பகுதியை நான்கு வாத்தியத்தோடு போடுங்கள். குற்றாலத்துக்காரர்கள் பஸ் ஏறி வந்து பார்ப்பார்கள்.

விழா நாளைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு பங்குனி உத்திரத்துக்கு முந்தைய நாள் மாலையில் வைத்துவிட்டீர்கள். மறுநாள் சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும் என்று பாதிப் பெற்றோர் இடைவேளையிலேயே கிளம்பிவிட்டார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளெல்லாம் குலதெய்வத்துக்கு வந்து சேரும் நாள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாகஸ்வரம், தவில்காரர்களும் அந்த வாரம் கிடைக்க மாட்டார்கள். ஒரு வாரம் முன்னால் வைத்தால் சபையும் நிறையும், வாத்தியக்காரர்களும் அகப்படுவார்கள்.

ஆனியில் வகுப்புகள் தொடங்கியதும் உங்களை நேரில் சந்தித்துப் பேச அனுமதி கேட்கிறேன். என்னோடு வழக்கமாக வாசிக்கும் மிருதங்கக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் ஒத்திகைக்கு அவர் சம்பளம் வாங்க மாட்டார். மாணவிகளுக்கு நட்டுவாங்கப் பயிற்சி கொடுக்க வாரத்தில் ஒரு நாள் வந்துபோக நானும் ஆயத்தமாக இருக்கிறேன். சனி, ஞாயிறு மட்டும் எனக்கு வகுப்பு இருக்கிறது. மற்ற எந்த நாளைச் சொன்னாலும் வருகிறேன்.

இப்படிக்கு
அன்புடன்,
ஒரு நடன ஆசிரியை,
அம்பாசமுத்திரம்.