அவசர மருத்துவப் பணியாளர்களுக்குத் தேசிய நினைவகம்: சட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நாடாளுமன்றம் 2018-இல் ஒரு சிறிய சட்டத்தை நிறைவேற்றியது. அவசர மருத்துவச் சேவையில் இருப்போரின் அர்ப்பணிப்பையும் பணியையும் போற்றும் நினைவுச் சின்னம் ஒன்றைத் தலைநகர் வாஷிங்டனில் எழுப்ப, ஓர் அறக்கட்டளைக்கு அச்சட்டம் அனுமதி அளித்தது. அந்நாட்டில் தீயணைப்பு வீரர்களுக்கு 1981-இலும் காவலர்களுக்கு 1991-இலும் தேசிய நினைவிடங்கள் அமைந்துவிட்டன. ஆம்புலன்ஸ் பணியாளர்களின் முறை அவற்றுக்கெல்லாம் பின்னர்தான் வந்தது. நம் நாட்டில் அந்த முறை இன்னும் வரவில்லை. நம் நாடாளுமன்றமும் இதற்கென ஒரு சட்டம் இயற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

டெல்லி சாணக்கியபுரியில் 2018 அக்டோபர் 21 அன்று தேசியக் காவலர் நினைவகம் திறக்கப்பட்டது. 1959-இல் லடாக்கில் பத்துக் காவலர்கள் உயிர்நீத்த நாள் அது. அங்குள்ள சுவரில் 34,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மறு ஆண்டு பிப்ரவரியில் தேசியப் போர் நினைவகமும் திறக்கப்பட்டது. தீயணைப்புத் துறையினர் 1944-இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் மாண்ட தம் முன்னோடிகளை ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று நினைவுகூர்கிறார்கள். 2017-இல் எங்கள் கொடுங்கையூரில் பேக்கரி ஒன்றில் சிலிண்டர் வெடித்து உயிரிழந்த தீயணைப்பு வீரருக்கும் அந்த வரிசையில் இடமுண்டு. இவை எல்லாம் தகுதியான மரியாதைகள். அதே விபத்துகளுக்கு அதே வேகத்தில் ஓடி வருகிற ஆம்புலன்ஸ் ஊழியருக்கு இப்படி ஒரு வரிசையே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டிக்கு இருவர்: ஓட்டுநரைப் பைலட் என்பார்கள், பின்னால் நோயாளியோடு இருப்பவர் மருத்துவ உதவியாளர். வடசென்னைப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லும் ஸ்டான்லியின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் சிறிது நேரம் நின்றாலே அவர்கள் வேலை என்னவென்று தெரிந்துவிடும். வண்டி நின்றதும் பைலட் இறங்கி ஓடிவந்து பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை இழுக்க, உதவியாளர் செயற்கைச் சுவாசப் பையை ஒரு கணமும் விடாமல் அழுத்தியபடியே கூட ஓடுகிறார். நோயாளியை ஒப்படைத்து, படிவத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு, பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வந்து, வண்டித் தரையில் உறைந்து கிடக்கும் இரத்தத்தைப் பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவுகிறார்கள். தரை காய்வதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடுகிறது.

இப்பணியில் இருக்கும் ஆபத்தை எங்கள் பகுதி மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள் வழிவிட நினைத்தாலும் ஒதுங்க இடம் இருப்பதில்லை என்பதால், எதிர்த்திசையில் புகுந்து போகும் துணிச்சலையே பைலட் நம்ப வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக ஊரே தெருவுக்கு ஓடிவந்தபோது, அந்தக் காற்றை நோக்கிச் சென்றவை ஆம்புலன்ஸ்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்குப் பலியான மருத்துவர் ஒருவரின் உடலை நல்லடக்கத்துக்குக் கொண்டு சென்ற வண்டியை இதே சென்னையில் ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஊழியர்கள் இரத்தம் சொட்ட மருத்துவமனைக்குத் திரும்பினர். அம்மாதமே மத்திய அரசு 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தை அவசரமாகத் திருத்தி, மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குக் கடும் தண்டனை விதிக்க வழி செய்தது. அது வேண்டிய திருத்தம்தான்.

நினைவகத்துக்குச் சட்டம் எதற்கு, ஓர் அரசாணை போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். கல் நடுவதற்கு அரசாணை போதும். அந்தக் கல்லில் யார் பெயரைப் பொறிப்பது என்பதைத் தீர்மானிக்கத்தான் சட்டம் வேண்டும். காவலர் நினைவகத்தில் அத்தனை பெயர்கள் இடம்பெற முடிந்தது, ஒவ்வொரு மாநிலக் காவல் துறையும் பணியில் இறந்தவர்களின் பட்டியலை வைத்திருந்ததால்தான். 108 ஊழியர்களோ அரசின் நிதியில், தனியார் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் அமரர் ஊர்தி ஓட்டுநரும் அந்தப் பட்டியலிலும் இல்லை. கொரோனாக் காலத்தில் உயிரிழந்த சுகாதாரப் பணியாளர்களின் குடும்பங்களுக்கு 50 லட்சம் ரூபாய்க் காப்பீட்டை மத்திய அரசு அறிவித்தபோது ஒப்பந்தப் பணியாளர்களையும் அதில் சேர்த்தது பாராட்டத்தக்கது. எனினும் அப்பெயர்கள் காப்பீட்டுக் கோப்பிலேயே தங்கிவிடுகின்றன. மருத்துவத் துணைத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பரைத் தன் அட்டவணையில் சேர்த்தது. பைலட்டுக்கு அதில் இடமில்லை. ஆகவே புதிய சட்டத்தின் முதல் பிரிவே, யாருடைய ஊழியராக இருந்தாலும், அவசர மருத்துவப் பணியின்போதோ அதன் காரணமாகவோ உயிரிழந்த ஒவ்வொருவரின் பெயரையும் ஆண்டுதோறும் பதிவுசெய்யும் கடமையை மாநில அரசுகளுக்கு விதிக்க வேண்டும்.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஜாலியன்வாலா பாக் நினைவகத்துக்கு நம் நாடாளுமன்றம் 1951-இலேயே தனிச் சட்டம் இயற்றி அறக்கட்டளை அமைத்தது. அமெரிக்கச் சட்டத்தில் ஓர் அம்சத்தை மட்டும் நாம் பின்பற்றக் கூடாது: அங்கே அரசு நிதி கிடையாது, அறக்கட்டளைதான் நன்கொடை திரட்ட வேண்டும், அதற்கும் ஏழாண்டுக் கெடு. மாதச் சம்பளத்துக்கே அல்லாடும் ஒப்பந்த ஊழியர்களையும் அவர்கள் குடும்பங்களையும் உண்டியல் ஏந்த வைப்பது முறையாகாது. செலவை மத்திய அரசே ஏற்க வேண்டும்.

தேசிய நினைவகம் டெல்லியில் அமையட்டும். அதற்குச் செல்லும் வசதி இல்லாத குடும்பங்களுக்காக, ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் அரசு மருத்துவமனை வளாகத்தில் அதே பெயர்களைத் தாங்கிய கல்வெட்டு வைக்கவும் சட்டத்தில் வழி வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு ஸ்டான்லியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. வடசென்னை நாடாளுமன்ற உறுப்பினர் இதைத் தனிநபர் மசோதாவாகவேனும் கொண்டுவர வேண்டும். மசோதா நிறைவேறும் வரை காத்திராமல், 2008 முதல் பணியில் உயிரிழந்த 108 ஊழியர்களின் பெயர்களைத் திரட்டும் வேலையை மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை இப்போதே தொடங்கலாம். அவர்களோடு வண்டியில் சென்றவர்கள் பலர் இன்றும் பணியில் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.