அப்பத்தாவின் தோள்

அன்புள்ள தம்பிக்கு,

போன் செய்தால் "நல்லா இருக்கேன்பா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். மூன்று வாரமாக இதே கதை. பிரான்ஸில், லியோனில் குளிர் விட்டதா? நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி இரண்டு மணிவரை கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே.

பொங்கலுக்கு வந்தபோது நீ கம்ப்யூட்டரில் காட்டிய படம் கண்ணிலேயே நிற்கிறது. ஸ்கேனிலிருந்து எடுத்த தோள் எலும்பை லட்சக்கணக்கான துண்டுகளாகப் பிரித்து, வெளுத்துத் தெரிகிற இடம் கெட்டி, மங்கின இடம் மெது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருந்தாய். தேய்ந்து சரிந்த குழியில் செயற்கைத் தோளின் உலோகத் தட்டைத் திருகி, கையைத் தூக்க வைத்து, தட்டு எவ்வளவு அசைகிறது என்று பார்த்தாய். 150 மைக்ரானைத் தாண்டினால் எலும்பு பிடித்து வளராதாம், இரண்டு முடி கனம்தானாம். அதே பிரான்ஸில் டிஜோன் ஊரில் கிராமோன் என்ற டாக்டர் 1985-இல் செயற்கைத் தோளில் பந்தைக் குழிப் பக்கமும் கிண்ணத்தைக் கைப் பக்கமும் மாற்றி வைத்ததை டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். என் மகன் சொன்னது என்று சொன்னேன்.

பெரிய மாமாவிடம் ஒரு மணி நேரம் பேசினாயாமே. அப்பாவிடம் பேச மட்டும் நேரமில்லை. சரி, அது போகட்டும். சாப்பாட்டை விட்டுவிடாதே.

மாமா சொன்னது உண்மைதான் தம்பி.

அப்பத்தா கிணற்றடியில் விழுந்து தோள் இறங்கியபோது, மறுநாளே மதுரைக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். பணம் கையில் இருந்தது. அதைப் போர் போடுகிறவனுக்குக் கொடுத்துவிட்டு, கட்டுப் போடுகிற ஆளைக் கூப்பிட்டேன். தோள் ஏறவே இல்லை. இந்த வயசில் ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் சொன்னதாக உங்கள் எல்லாரிடமும் சொன்னேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. போரில் தண்ணீர் வந்தது, உன் காலேஜ் ஃபீஸ் அதில்தான் கட்டினேன். அதைச் சொல்லி நியாயம் பேச வரவில்லை.

பள்ளிக்கூடம் கிளம்பும் முன் நீதான் அப்பத்தாவுக்குத் தலை வாரிக் கொண்டை போடுவாய். ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பாய். நான் திண்ணையில் செருப்பை மாட்டிக்கொண்டே பார்த்துவிட்டு வயலுக்குப் போய்விடுவேன்.

இறங்கின தோள் அப்படியே கிடந்தால் எலும்பு முட்டி முட்டிக் குழியின் விளிம்பே கரைந்துவிடும் என்று நீ படத்தில் தொட்டுக் காட்டினாயே, அப்போதுதான் மாட்டைப் பார்க்கிறேன் என்று எழுந்து போனேன். மாடு கட்டுத்தறியில்தான் நின்றது.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நானே சொல்கிறேன். நீ திட்டுவதானாலும் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அப்பா