சாயங்கால ஆராதனை

பெரும்பாக்கம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மக்கா,

ஸ்தோத்திரம். மதினியும் பிள்ளைகளும் சுகமா? நீ அனுப்பிய அசனப் பண்டிகை (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) போட்டோவில் அந்த அண்டாக்களைப் பார்த்துவிட்டு என் வீட்டில் உன் தங்கச்சி அழாத குறைதான்.

நான் இங்கே வந்து நடத்தும் சபை எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். இன்றைக்கு 17 பேர். அதில் நாங்களே 4. பகலில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை, அவள் டியூஷன் எடுக்கிறாள், வண்டி ஓடுகிறது. திருவிருந்து கொடுக்க மேடவாக்கம் பக்கத்திலிருந்து ஒரு குருவானவர் மாதம் ஒருமுறை வருகிறார்.

இந்த இடத்தைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். எட்டு அடுக்கு பிளாக்குகள், வரிசை வரிசையாக. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் இங்கே நிறைய. சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது 20 கிலோமீட்டருக்கும் மேல். வீடு குலுக்கலில் விழுந்ததால், அங்கே ஒரே சந்தில் இருந்தவர்கள் இங்கே ஆளுக்கொரு பிளாக். ஹாஸ்டலில் நீ விடிய விடிய முதலூர் கதை சொல்வாயே, 1799இல் சுந்தரானந்தம் தாவீது, கிறிஸ்தவர்களானதற்காக அடிபட்ட குடும்பங்களுக்கு நிலம் வாங்கி ஊர் உண்டாக்கியது. நானும் அந்த நினைப்பில்தான் வந்தேன். ஆனால் அங்கே வந்தவர்கள் சேர்ந்து வந்தார்கள். இங்கே அவர்களைக் கலைத்துப்போட்ட பிறகு நான் வந்திருக்கிறேன்.

வந்த புதிதில் செய்த கூத்தைக் கேள். ஸ்பீக்கர், மைக் எல்லாம் வாங்கி, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒரு வீட்டில் ஆராதனை. முதல் கீர்த்தனையே முடியவில்லை, பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். "நைட் ஷிப்ட் முடிச்சு இப்பதான் சார் படுத்தேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நம் ஆட்களிலும் பாதிப்பேருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை. வீட்டு வேலைக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் போய்விடுகிறார்கள். அன்றோடு மைக் பரணுக்குப் போனது. ஆராதனை சாயங்காலம் ஆறரைக்கு, வாய்ப்பாட்டு, வாரம் ஒரு வீடு. 400 சதுர அடிக்குள் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தினால் இருபது பேர் உட்காரலாம். கட்டடமா? கலெக்டர் அனுமதி, நிலம், பணம், மூன்றும் இல்லை. எனக்கு இப்போது அவசரமும் இல்லை.

சபை இல்லாத இடம் என்று நினைத்து வந்தேன் பார், அதுவும் தப்பு. "நீங்க எத்தனாவது பாஸ்டர்?" என்று ஒரு பையன் கேட்டான். பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள் கணக்கு அவனிடம் இருக்கிறது. ஆறு மாதம் எங்களையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தார்கள்.

அப்புறம் ஆகஸ்டில் ஆறாம் மாடியில் ஒரு ஆயா (பாட்டியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) இறந்துபோனார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பேரன் வந்து கதவைத் தட்டினான். அடக்கம் பழைய சபையின் கல்லறைத் தோட்டத்தில்தான் ஆக வேண்டும், தாத்தா அங்கேதான் இருக்கிறார். ஆனால் இங்கே குடிவந்த நாளிலிருந்து சந்தா கட்டவில்லை. பாக்கியைக் கட்டி ரசீது வாங்கினால்தான் குழி வெட்டுவார்கள். அந்த நேரத்தில் என்னிடம் இருந்தது 1,200 ரூபாய். படிக்கட்டில் உட்கார்ந்து போனில் ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டிருந்தேன். யாரை எழுப்புவது?

கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். ஆடி மாதக் கூழுக்குப் பிளாக் முழுக்க வசூல் செய்து வைத்திருக்கிறவர். நோட்டோடு பணத்தையும் கொண்டுவந்து, எண்ணி 3,000 எடுத்துக் கொடுத்து, "ஆயா கணக்கு" என்று எழுதிக்கொண்டார். "கூழுக்கு இன்னும் நாள் இருக்கு சார். ஆத்தா கோச்சுக்க மாட்டா" என்றார்.

அடக்கம் நடந்தது. அடுத்த ஞாயிறு காணிக்கையை எண்ணாமல் அப்படியே அவரிடம் கொடுத்தோம், மீதி இரண்டு தவணை. அந்த வாரம்தான் புதிதாக ஐந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். என் பிரசங்கத்தால் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கூழ் ஊற்றிய அன்று நான் தண்ணீர்க் குடம் தூக்கிக் கொடுத்தேன். கூழ் குடிக்கவில்லை. உன் தங்கச்சி ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கும் அதில் சின்னச் சண்டை. விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று பேசும் 1 கொரிந்தியர் 8, 10 இரண்டையும் புரட்டினோம், ஆளுக்கொரு வசனம் கிடைத்தது! நீ என்ன சொல்கிறாய்? உங்கள் சபைக் குருவானவரிடம் கேட்காதே, நீ சொல்லு.

மே லீவில் வருவதாகச் சொன்னாயே, மாற்றிவிடாதே. வரும்போது பழைய பாமாலைப் புத்தகம் பத்துப் பன்னிரண்டு தேறினால் எடுத்து வா, எழுத்து பெரிதாக இருக்கட்டும். கருப்பட்டியும் இரண்டு கிலோ. ஒன்று கீழ்வீட்டுக்கு.

உன் பழைய ரூம்மேட்